கலம் வெறும் பாத்திரமன்று

கொலன்னாவையிலே பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. எண்ணெயைக் கொள்ளுதலன்றி வேறு தொழில் அவற்றுக்கில்லை. நம் நாட்டுத் தமிழ் விஞ்ஞான நூல்கள் உயிரின் அடிப்படைக் கூற்றுக்குக் 'கலம்' என்று பெயரிட்டுள்ளன. கலமெனின் பாத்திரமன்றோ? மாணவர் அதனையும் ஒரு தாங்கியென எண்ணிவிடலாகாது.

1665இல் றொபேட் ஹூக் தக்கையில் கண்டவை வெறுங் கூடுகளே. உயிருள்ள கலமோ உணவை ஏற்கும், சுவாசிக்கும், வளரும், இரண்டாகப் பிரியும். கலத்திலிருந்தே கலம் தோன்றுமென 1855இல் விர்ச்சோ என்னும் ஜெர்மன் வைத்தியர் வலியுறுத்தினார். நம் குழந்தைகள் வளர்வதும் பெரும்பாலும் கலங்கள் பெருகுவதாலேயே.

வெங்காயத்தின் மென்றோலில் அயடீன் இட்டு நுணுக்குக்காட்டியிற் காட்டுவோம். சுவரும் கருவும் தெளிவாகத் தெரியும். கண்ணாற் கண்டு உணர்ந்த பின்னரே, படத்தை மனனஞ் செய்யச் சொல்வோம்.