கூட்டமாய் நகரும் நோய்

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வெற்றிலை போடுவது பசியை மறக்கவும் குளிரைத் தாங்கவும் எம்மவர் கைக்கொண்ட பழக்கம். ஆனால் இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. புகையிலை மட்டுமன்றி, வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் சிறு புண் எவ்வாறு கழுத்து வரை பரவுகிறது?

வாயின் உட்தோலுக்கு அடியில் மெல்லிய படலம் ஒன்றும், அதன் கீழே கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னிய இழையமும் உள்ளன. வாய்ப் புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று பற்றியபடி, கூட்டமாகவே இதற்குள் புகுகின்றன. மானாப்புல் மண்டிய மலையில் முன்செல்பவர் கத்தியால் வழி வெட்ட, மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர்வதைப் போன்றது இது.

வழி வெட்டுவது யார்? 2007இல் இலண்டனில் எரிக் சஹாயின் குழுவினர் புற்றுநோய்க் கலங்களைக் கொலாஜன் களியில் வைத்து ஆராய்ந்தனர். முன்னால் சென்றவை புற்றுநோய்க் கலங்கள் அல்ல. இழையத்தில் நார்களை உருவாக்கும் நார்க்கலங்களே. காயத்தை ஆற்ற உதவும் இவை, நொதியங்களால் நார்களைக் கரைத்தும் இழுத்தும் பாதை அமைக்க, நோய்க் கலங்கள் பின்சென்றன.

இதனால்தான் கண்ணுக்குத் தெரியும் புண்ணின் விளிம்போடு நோய் முடிவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து வெட்டுகிறார். வெட்டிய பகுதியை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது கலங்கள் மெல்லிய இழைகளாகவும் சிறு கூட்டங்களாகவும் பிரிந்து சென்றிருந்தால், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருக்கும் அபாயம் கூடுதல்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. "நோகவில்லையே, ஒருநாள் பேரை ஏன் இழப்பான்?" என்று தள்ளிப்போடும் வேளையில்தான் பாதை வெட்டப்படுகிறது.

மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் வாயைப் பார்ப்போம். 2 வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடமோ பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கோ செல்வோம். நோய் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.