மடிக்கணினி வாங்கும் முன் வாட்-மணியைப் பாருங்கள்

எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷனுக்கோ பாலிடெக்னிக்கிற்கோ செல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் வாங்கித் தரும் விலை உயர்ந்த பொருள் பெரும்பாலும் மடிக்கணினிதான். விரிவுரை மண்டபத்தில் எல்லா இருக்கைக்கும் மின் இணைப்பு இருக்காது. நண்பகலுக்குள் திரை அணைந்துவிட்டால் அதைச் சுமந்து சென்றும் பயனில்லை. ஆனாலும் கடையில் நாம் விலையையும் ரேமையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

“பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்கு பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே காணொளியைத் தொடர்ந்து ஓடவிட்டு எடுத்தது. மாணவரின் அன்றாட வேலை அப்படி இருக்காது.

நம்பத்தக்க எண் வேறு. மின்கலத்தில் சேமிக்கக்கூடிய ஆற்றலை ‘வாட்-மணி’ என்ற அலகில் குறிப்பார்கள். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அது இருக்கும். மில்லி ஆம்பியர்-மணி மட்டும் இருந்தால், அதை வோல்ட்டால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் போதும். 3,600 மில்லி ஆம்பியர்-மணி, 11.4 வோல்ட் என்றால் ஏறக்குறைய 41 வாட்-மணி.

வாட்-மணியைக் கணினி செலவிடும் வாட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 42 வாட்-மணி மின்கலம், குறிப்பு எழுதும்போது 7 வாட் செலவானால் 6 மணி நேரம் தாங்கும். வெளிச்சமான திரையில் காணொளி வகுப்பு நடந்து 14 வாட் செலவானால் 3 மணி நேரம்தான். எனவே ஒரே விலையில் இரண்டு கணினிகள் இருந்தால், வாட்-மணி கூடியதையும் சிக்கனமான செயலி உள்ளதையும் தேர்ந்தெடுங்கள். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் பெயர் ‘யு’ என முடிந்தால் பொதுவாகச் சிக்கனமானது. ‘எச்’ என முடிந்தால் வேகம் அதிகம், மின்செலவும் அதிகம்.

பழைய கணினி வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லித்தியம்-அயன் மின்கலம் பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவை இழக்கும். விண்டோஸ் கணினியில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுத்துக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். புதிதாக இருந்தபோது 50 வாட்-மணி, இப்போது 30 என்றிருந்தால், மாற்று மின்கலத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாங்கிய பிறகு வெப்பம்தான் பெரிய எதிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை விட்டுச் செல்லாதீர்கள். எப்போதும் மின் இணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துவோர், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். மின்கலம் கூடுதல் காலம் உழைக்கும்.