கோடைக் குளமும் வித்து மீனும்

விதைநெல்லைக் குத்தி உண்ணும் குடியானவர் நம் நாட்டில் இல்லை. ஆயினும் கோடையில் குளத்து மடுவை அடிவரை வற்றவிடுவதும் அதற்கு நிகரான செயலே என்பதை நம்மிற் பலர் உணர்வதில்லை.

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை மாசியில் முடிகிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் பாசன ஜலம் வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் நிறுத்தப்பட்டு, கன்னிப்பூவின் பொருட்டு ஜூனில் திறக்கப்படும். இடைப்பட்ட மூன்று மாதங்களில் மீன்கள் குளத்தின் ஆழமான மடுவிலேயே ஒதுங்கி உயிர் தரிக்கின்றன. புதுவெள்ளம் வந்ததும் இவையே கரையோரத்திலும் வயல்களிலும் ஏறி முட்டையிடுகின்றன. ஆகையால் இவற்றை வித்து மீன் எனலாம்.

ஜலம் குறையுந்தோறும் அதன் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்த ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே கரையும். விராலும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லன. சாதாரணக் கெண்டைக்கும் வாளைக்கும் அத்திறன் இல்லை. வாளை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஆகிய நீர்நிலைகள் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு வரும் பறவைகளிற் பலவற்றுக்கும் மீனே இரை.

வீட்டு ஜலத்துக்கும் மடுவுக்கும் சம்பந்தம் யாதெனின், குளத்தையடுத்த கிணறுகளை மிகுதியாக இறைக்குங்கால் நிலத்தடி மட்டம் தாழும். குளத்து ஜலமும் அத்திசையிற் கசிந்து செல்லும். ஓர் ஊரில் 400 வீடுகள் உள்ளன என்று கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் மிச்சமாயின், 100 நாட்களில் 20 லட்சம் லிட்டராகும். அதனை ஓர் ஏக்கர் மடுவில் நிறுத்தினால் ஏறக்குறைய அரை மீட்டர், அதாவது முழங்காலளவு ஆழம் நிற்கும். அது முழுவதும் மடுவைச் சேராதெனினும், கடுங்கோடையில் ஒரு சாண் ஜலமே மீனுக்கு உயிராகும்.

செய்யத்தக்கவை வருமாறு:

1. ஒழுகும் குழாய்களை உடனே பழுது பார்த்தல். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியுமுன் மோட்டாரை நிறுத்துதல்.

2. குழாயைத் திறந்துவிட்டுக் குளியாமல் வாளியில் மொண்டு குளித்தல்.

3. அரிசி, காய்கறி கழுவிய ஜலத்தை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுதல்.

4. சோப்பு ஜலத்தை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதிருத்தல்.

கிராம அதிகாரிகள், மீன் குத்தகை விடுங்கால் மடுவை இறைத்து வற்றச்செய்து மீன் பிடிக்கலாகாது என்னும் நிபந்தனையைத் தவறாது சேர்ப்பாராக. மிராசுதாரர்களும் கோடையில் மடுவில் மோட்டார் வைத்து இறைப்பதைத் தவிர்ப்பாராக. மாசி முதல் வைகாசி வரை இவ்விரண்டையும் கடைப்பிடித்தால், புதுவெள்ளத்தோடு குளமும் மீன்வளம் பெறும்.