அந்நியர் வீடு – 8: அம்மாவும் எதிரி நாட்டவர்

போரில் பிரிட்டன் சிறைப்பிடித்த அந்நியரை ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பல் 1940 ஜூலை 2 அன்று மூழ்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். செத்தவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் இத்தாலியக் கைதிகள். இந்த வாரம் அப்படிப் பிடித்தவர்களை அடைத்த மான் தீவு முகாம்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் போகிற வழியில் 1914 ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. அதை விட்டு நகர மனம் வரவில்லை.

அந்நிய நாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டால் பிரிட்டிஷ் பெண் தன் பிரஜா உரிமையை இழப்பாள் என்றது அந்தச் சட்டம். இத்தாலிய ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் குடித்தனம் நடத்திய டர்ஹம் பெண், இத்தாலி மண்ணை மிதித்தே இருக்கமாட்டாள். 1940 ஜூன் 10 அன்று முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்ததும் அவளும் எதிரி நாட்டவள். போலீஸ் அனுமதி இல்லாமல் சைக்கிள் வைத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி வெளியே நடமாடக் கூடாது. பழைய உரிமை திரும்ப வேண்டுமென்றால் பிறந்த நாட்டிடமே குடியுரிமை கேட்டு மனுப் போட வேண்டும்! அவள் பெற்ற பிள்ளைகளோ பிரிட்டனிலேயே பிறந்தவர்கள், அதனால் பிரிட்டிஷ் பிரஜைகள். வயது வந்தால் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும்.

அப்படி ஒரு வீடு டர்ஹம் மாவட்டத்துச் சுரங்க ஊரான ஈஸிங்டனில் இருந்தது. அப்பா ஐஸ்கிரீம் விற்ற இத்தாலியர், அம்மா இங்கிலாந்துக்காரர். பல பத்தாண்டுகள் அந்த நாட்டில் உழைத்த அப்பா, போர் வந்ததும் எதிரி நாட்டவர் பட்டியலில். மகன்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில். ஒருவர் ஜெர்மானியரிடம் போர்க்கைதி ஆனார். இன்னொருவர் 1944 இல் மாண்டார். கடைக்குட்டி டென்னிஸ் டொன்னினிக்கு 1945 தொடக்கத்தில் பத்தொன்பது வயது. உயரம் ஐந்தடிகூட இல்லை.

1945 ஜனவரி 18. நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஸ்டைன் என்ற ஜெர்மன் கிராமத்தை டென்னிஸின் பிரிவு தாக்கியது. தலையில் குண்டு பட்டு விழுந்தார். நினைவு திரும்பியதும் எழுந்து ஓடி, அருகிலிருந்த வீட்டின் ஜன்னல் வழியே கையெறிகுண்டை வீசினார். உள்ளே இருந்தவர்கள் தோட்டங்கள் வழியே ஓட, துரத்திப் போனார். காயம்பட்ட தோழர் ஒருவரைத் திறந்த வெளியில் தூக்கி வந்து கொட்டகையில் சேர்த்தார். பிறகு பிரென் துப்பாக்கியோடு மறுபடி வெளியே வந்தார். இரண்டாவது முறை அடிபட்டும் சுட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது குண்டில் உயிர் போயிற்று. அந்த மார்ச்சில் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. கல்லறை நெதர்லாந்தின் சிட்டார்டில் இருக்கிறது. இத்தாலியக் குடும்பங்களின் விசுவாசத்தைச் சந்தேகித்த அதிகாரிகள் இந்த ஒரு வீட்டை எந்தக் கோப்பில் சேர்த்திருப்பார்கள்? எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எல்லாம் இவ்வளவு தெளிவாகப் பிரிந்துவிடவும் இல்லை. எடின்பரோவின் லீத் பகுதியில் கடை வைத்திருந்த இத்தாலியர் ஒருவர், தன் மகனைக் கோடைதோறும் முசோலினியின் இளைஞர் முகாம்களுக்கு அனுப்பினார். அந்த மகன்தான் பின்னாளில் பேர்பெற்ற சிற்பி எட்வர்டோ பாவ்லோட்சி. இத்தாலி போரில் இறங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. சாட்டன் சிறையில் அடைத்தார்கள். அப்பா, தாத்தா, மாமா மூவரும் அரண்டோரா ஸ்டாரில் போய்ச் சேர்ந்தார்கள். 1943 இல் அதே பிரிட்டிஷ் அரசு எட்வர்டோவைப் படைக்கு அழைத்தது, போனார். 1989 இல் சர் பட்டமும் கொடுத்தது.

பிரிட்டனில் இருந்த முசோலினி கட்சியின் கிளைச் சங்கங்களில் இத்தாலியர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு, ஊருக்குப் போய்வர வசதி, நாலு பேரோடு ஒரு மாலை என்று போனவர்களும் உண்டு, மெய்யாகவே கொள்கைப் பற்றோடு போனவர்களும் உண்டு. அந்த உறுப்பினர் பட்டியல்கள்தான் பின்னால் வினையாயின. அதே அரண்டோரா ஸ்டாரில் மூழ்கிய டெச்சியோ அன்சானியோ ஆயுள் முழுக்கப் பாசிசத்தை எதிர்த்தவர். அவர் பெயர் கைதுப் பட்டியலில் எப்படி வந்தது என்பதற்கே ஒரு அத்தியாயம் வேண்டும்.

கடற்கரை விடுதிகளைச் சுற்றி முள்வேலி அடித்த மான் தீவின் டக்ளஸ் நகரமும் ஓன்கன் முகாமும் அடுத்த வாரம்.