ஓரெழுத்துப் பிழையும் தசைநோயும்

ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் எகர ஏகார வேற்றுமையை ஒரு கோட்டினால் விளக்கினார். உடலினுள்ளும் எழுத்துண்டு, அது மும்மூன்றாய் வாசிக்கப்படுவது. தமிழ் மாணாக்கராகிய யாம் அதனை இங்ஙனம் விளங்கிக்கொள்கின்றோம்: "மரம் படம் குடம்" என்பதில் ரகரத்தை நீக்கி மும்மூன்றாய்ப் பிரித்தால் "மம்ப டம்கு டம்" என்றாகிப் பொருளழியும், "படம்" முழுவதும் நீங்கினாலோ எஞ்சியவை நிற்கும்.

டுஷேன் தசைநோயின் மருமம் பெரும்பாலும் இதுவே. எக்ஸ் குரோமோசோமிலுள்ள, 79 துண்டங்களாலாகிய மரபணுவொன்று, 1987-இல் கண்டறியப்பட்ட டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தை ஆக்குகின்றது. தசையிழையின் உட்சட்டகத்தை அதன் உறையோடு பிணிப்பது அப்புரதம். வாசிப்பு முறை பிறழின் அஃது உண்டாவதில்லை. தசை சுருங்குந்தோறும் உறை கிழிய, கால்சியம் உட்புகுந்து இழை மாயும். சிறுவன் 12 வயதளவில் நடையிழப்பான். மும்மூன்றாகவே நீங்கின் குறுகிய புரதமேனும் உண்டு; அது பெக்கர் என்னும் மென்னோய்.

தாய்க்கு மற்றோர் எக்ஸ் இருத்தலின் பெரும்பாலும் நோயில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பிள்ளைக்குப் பிழை தாயிடத்தின்றிப் புதிதாகவே தோன்றுகின்றது. மகன் நோய்க்குத் தாயைப் பழிப்போர் இதனை அறியார்.