கரையில் நிற்பவருக்கும் வேலை உண்டு

‘வியர்வைக் கரை’ தொடர் – 7

போட்டி நாளில் அரங்கின் ஓரத்தில் நிற்பவர்களைச் சற்று நேரம் கவனித்தால், யார் பயிற்சி செய்பவர், யார் செய்யாதவர் என்று சொல்லிவிடலாம். பயிற்சி செய்யாதவர் எடை மேலே போவதைப் பார்ப்பார். செய்பவரின் கண் அந்த எடை கீழே வைக்கப்படும் நேரத்தில் இருக்கும். எத்தனையாவது தடவையில் பார்பெல்லைக் கைவிட்டார், மறுபடி குனிவதற்கு முன் எத்தனை மூச்சு எடுத்தார், அந்த இடைவெளியில் அவர் பார்த்தது கடிகாரத்தையா, பக்கத்தில் நிற்பவரையா? போட்டி அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

சென்ற வாரம் மணலில் ஓடும் பயிற்சி பற்றி எழுதியதைப் படித்த சிலர், கிராஸ்ஃபிட், ஹைராக்ஸ் போன்ற உடற்பயிற்சிப் போட்டிகளில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானது. உதைபந்தாட்டத்தில் பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போகும். மெய்வல்லுநர் போட்டியில் யார் முன்னால் ஓடுகிறார் என்று குழந்தைக்கும் தெரியும். இங்கே பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும்.

‘ஃபிரான்’ என்று பெயர் பெற்ற ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கிராஸ்ஃபிட் செய்பவர் எவருக்கும் தெரிந்த பெயர் அது. ஆண்களுக்கு ஏறத்தாழ 43 கிலோ பார்பெல். அதைத் தோளில் தாங்கி முழுதாக உட்கார்ந்து எழுந்து, எழுந்த வேகத்திலேயே தலைக்கு மேலே தள்ள வேண்டும். இதற்கு த்ரஸ்டர் என்று பெயர். 21 த்ரஸ்டர், உடனே 21 புல்-அப். பிறகு இரண்டிலும் 15. பிறகு 9. அவ்வளவுதான். தேர்ந்தவர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

முதல் 21இல் எல்லோரும் வெற்றிவீரர் போலத்தான் தெரிவார்கள். அங்கே யாரையும் மதிப்பிட வேண்டாம். 15 தொடங்கும்போது பாருங்கள். முதல் சுற்றை நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடித்தவர் இப்போது முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்பார். ஆரம்பத்திலேயே 12, 9 என்று உடைத்துக்கொண்டவர் அவரைத் தாண்டிப் போவார். சோக் தூள் வைத்திருக்கும் வாளியையும் கவனியுங்கள். கை வழுக்குவதால் அங்கே போகிறவர் ஓரிருவர்தான். மற்றவர்கள் ஓய்வு எடுக்கவே போகிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும். வாளிக்குப் போகும் நடை நீள நீள, அவரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அடுத்தது நடுவர். உட்காரும்போது இடுப்பு மூட்டு முழங்காலுக்குக் கீழே போகவில்லை என்றால் அவர் ‘நோ ரெப்’ என்பார். செய்தது கணக்கில் வராது, அந்தத் தடவையை மறுபடி செய்ய வேண்டும். கூட்டம் நடுவரைப் பார்த்துக் கூச்சல் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அரைகுறையாக உட்கார்ந்து எழும் ஒருவருக்குக் கணக்குக் கொடுத்தால், பக்கத்தில் முழுதாக உட்கார்ந்து எழுகிறவரிடமிருந்து அதைத் திருடிக் கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். கண்டிப்பான நடுவர் இல்லாத போட்டியில் நேர்மையாக உழைப்பவர்தான் முதலில் தோற்பார்.

இந்த விளையாட்டுக்கு வயது குறைவு. முதல் கிராஸ்ஃபிட் கேம்ஸ் 2007இல் கலிபோர்னியாவின் அரோமாஸ் என்ற இடத்தில், அதை நடத்திய டேவ் காஸ்ட்ரோவின் குடும்பப் பண்ணையில் நடந்தது. பத்தே ஆண்டுகளில் அது பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டது. ஆண்களில் மாட் ஃப்ரேசர் 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து தடவை வென்றார். பெண்களில் ஆஸ்திரேலியாவின் டியா கிளேர் டூமி 2017 முதல் 2022 வரை ஆறு தடவை தொடர்ந்து வென்று, குழந்தை பெற்ற பிறகு 2024இல் திரும்பி வந்தும் வென்றார். ஹைராக்ஸ் 2017இல் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் தொடங்கியது. ஒரு கிலோமீற்றர் ஓட்டம், ஒரு வேலை, மறுபடி ஒரு கிலோமீற்றர், இன்னொரு வேலை என்று எட்டுத் தடவை. எல்லா ஊரிலும் ஒரே அமைப்பு என்பதால் ஹம்பர்க்கில் எடுத்த நேரத்தையும் மும்பையில் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மும்பைக்கு அது 2025 மே மாதம் வந்தது. கிராஸ்ஃபிட் கேம்ஸில் அந்த வசதி இல்லை. என்ன வரும் என்று முன்கூட்டியே முழுதாகத் தெரியாது. தெரியாததற்குத் தயாராவதுதான் அங்கே பயிற்சி.

இரண்டிலும் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக முடிப்பவருக்குத்தான் சத்தம் அதிகம். முதலில் முடித்தவர்கள் படுத்த இடத்திலிருந்து எழுந்து வந்து, இன்னும் முடிக்காதவரைச் சுற்றி நின்று அவருக்காக எண்ணுவார்கள். இங்கே பார்வையாளருக்கும் வீரருக்கும் இடையே கோடு கிடையாது. சற்று முன் வியர்த்தவர் இப்போது பார்க்கிறார், இப்போது பார்ப்பவர் அடுத்த சுற்றில் இறங்குவார்.

இந்த இடத்தில் நம் ஊருக்கு வருகிறேன். புத்தளம் மாவட்டக் கரையில் சிலாபம் முதல் கல்பிட்டி வரை, மீனவர் செய்வதெல்லாம் கிராஸ்ஃபிட்தான், அவர்களுக்கு ஜிம் எதற்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும் இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. போட்டியில் நேரம் முடிந்தால் மணி அடிக்கும், தண்ணீர் தருவார்கள், வீட்டுக்குப் போகலாம். வலையில் மீன் இல்லாவிட்டால் மீனவருக்கு உழைப்பும் போச்சு, கூலியும் போச்சு. இரண்டையும் ஒன்று என்பது தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் பார்ப்பவர் எப்படி நிற்க வேண்டும் என்பதை இந்தக் கரையிடம் நிறையவே கற்கலாம்.

முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது உடப்பு. வெளியூர்க்காரர்கள் ஆடித் திருவிழாவில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்க்க வருவார்கள். நான் சொல்வேன், கடல் அடங்கியிருக்கும் வாடைக்காலத்தில் கரைவலை இழுக்கும் நேரம் பார்த்து வாருங்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகிறது. அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சுற்றி, மறுமுனையோடு தள்ளி இன்னோரிடத்தில் கரை சேர்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுக்கிறார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வருகின்றன. நடுவே மடி, அதற்குள் சாளையோ சூடையோ நெத்தலியோ.

பயிற்சி செய்பவரின் கண்ணோடு அந்தக் கயிற்றைப் பாருங்கள். யாரும் கையால் இழுப்பதில்லை. கை நீட்டியபடியே இருக்கும். குதிகால் மணலில் புதையும், உடம்பு பின்னால் சாயும், உடம்பின் எடையும் காலின் பலமும் வலையைக் கொண்டுவரும். ரோயிங் மெசினில் உட்கார்ந்த புதியவருக்கு ‘கையால் இழுக்காதே, காலால் தள்ளு’ என்று பயிற்சியாளர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். பிறகு அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து வாங்குவார்கள். அவர் பாடும் அடியில் மற்றவருக்கு மூச்சு, அவர்கள் வாங்கும் அடியில் இழுப்பு. ஓய்வு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இருபது வயதுப் பையனும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே கயிற்றில் நீண்ட நேரம் நிற்க முடிகிறது. ஃபிரானில் 12, 9 என்று உடைத்துக்கொண்டவர் தனியாகக் கண்டுபிடித்ததை இங்கே ஒரு கூட்டமே பாட்டாக வைத்திருக்கிறது. ஒரு பக்கம் அவசரப்பட்டால் வலை கோணிவிடும், மீன் வெளியேறிவிடும். எனவே பலசாலி தன் பலத்தைக் காட்டுவதற்கு அங்கே இடமில்லை.

அங்கே வேடிக்கை பார்க்க நிற்பவரை யாரும் நீண்ட நேரம் சும்மா நிற்க விடுவதில்லை. “தம்பி, ஒரு கை குடுங்க” என்று குரல் வரும். கயிற்றைத் தொட்டவருக்குக் கறிக்கு மீன் உண்டு.

இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் அந்தக் கயிற்றை இழுக்கிறது. ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார். கடலடி கெடுகிறது, கூலி போகிறது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். தடையும் தடைக்கு எதிரான போராட்டமும் நாம் செய்தியில் பார்த்தவைதான். நான் இதில் ஒன்றே ஒன்று சொல்வேன்: பாட்டு அழகாக இருக்கிறது, ஆகவே கையாலேயே இழுங்கள் என்று சொல்ல, எப்போதாவது வந்து கயிறு பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உரிமையில்லை. தோள் அவர்களுடையது.

கல்பிட்டிக்குப் போனால் இதே பாடம் வேறு உருவில் கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும் நாட்களில், களப்பின் மேலே காற்றாடிகள் நிறைந்திருக்கும். கைட் சர்ஃபிங் தனி ஆள் விளையாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் காற்றாடியை ஏற்றவும் இறக்கவும் கரையில் ஒருவர் வேண்டும். தண்ணீரில் இருப்பவர் உள்ளங்கையால் தன் தலையைத் தட்டிக் காட்டினால், ‘இறங்கப் போகிறேன், பிடியுங்கள்’ என்று பொருள். கரையில் நிற்கும் இன்னொரு கைட்காரர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், போட்டியாளராகவே இருந்தாலும், ஓடிப்போய்ப் பிடிப்பார். கரையில் நிற்பவருக்கு அங்கே பார்வை மட்டும் போதாது, அந்தச் சைகையும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஓகஸ்ட் 8ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வேர்த் நகரில் அந்த ஆண்டின் கிராஸ்ஃபிட் கேம்ஸ் தொடங்கியது. முதல் போட்டி: மூன்றரை மைல் ஓட்டம், அதாவது ஐந்தரை கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், பிறகு மரீன் கிரீக் ஏரியில் 800 மீற்றர் நீச்சல். செர்பியாவைச் சேர்ந்த லாசர் டுகிச் முன்வரிசையில் நீந்தி வந்தார். வயது 28. முடிவுக் கோட்டுக்கு அருகே வந்தவர் தண்ணீருக்குள் போனார், திரும்பி வரவில்லை. அவருடைய தம்பி லூகாவும் அதே போட்டியில் இருந்தார். கரையில் ஆட்கள் இருந்தார்கள், தண்ணீரில் மற்ற வீரர்கள் இருந்தார்கள், போட்டி நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தடுமாறியதைக் கண்டு கரையிலிருந்து எச்சரித்ததாகச் சிலர் பின்னர் சொன்னார்கள்.

அதற்கு முன்பும் எச்சரிக்கை இருந்தது. 2015இல் கலிபோர்னியாவின் கார்சனில், கொதிக்கும் வெயிலில் ‘மர்ஃப்’ என்ற நீண்ட பயிற்சியை வைத்தார்கள். கனமான மேலங்கி அணிந்து ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 தடவை உட்கார்ந்து எழுதல், மறுபடி ஒரு மைல். முன்னாள் வெற்றிவீராங்கனை ஆனி தோரிஸ்டோட்டிருக்கு அன்றைய வெப்பத் தாக்குதலால் அந்தப் போட்டித் தொடரிலிருந்தே விலக நேர்ந்தது. கூட்டம் அன்றைக்கும் கைதட்டியது. விழுந்து எழுவதை வீரம் என்று ரசிக்கப் பழகிய கண்ணுக்கு, எழ முடியாமல் விழுபவரை அடையாளம் தெரிவதில்லை. இந்த விளையாட்டை நேசிக்கும் ஒருவனாக இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது.

நீரில் மூழ்குபவர் சினிமாவில் காட்டுவது போலக் கைகாட்டிக் கத்துவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சு எடுக்கவே நேரம் போதாது, கத்துவதற்கு எங்கே? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், உடம்பு நேராக நிற்கும், முன்னால் நகராது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓய்வெடுப்பது போலவே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். களைத்த நீச்சல்காரர் மெதுவாகவாவது முன்னேறுவார். முன்னேறாமல் நிமிர்ந்து நிற்கும் தலை ஆபத்தில் இருக்கும் தலை.

நம் கரைக்கும் இத்தகைய போட்டிகள் வரும். வெண்மணல், களப்பு, காற்று, கொழும்பிலிருந்து சில மணி நேரப் பயணம் என்று எல்லாம் இருக்கிறது. வரட்டும், நானும் பெயர் கொடுப்பேன். ஆனால் ஏற்பாடு செய்பவர்களிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன். சோளகக் காலத்தில் கடல் நீச்சல் வேண்டாம். ஓடிக் களைத்த உடம்பைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், நீச்சல் முதலில் வரட்டும். மீட்பு வேலைக்கு அந்தந்த ஊர்த் தோணிக்காரர்களையும் சுழியோடிகளையும் கூலி கொடுத்து அமர்த்துங்கள். அந்தத் தண்ணீரின் இழுப்பு அவர்களுக்குத் தெரியும். இறங்கிய தலைகளையும் ஏறிய தலைகளையும் எண்ணுவதற்கென்றே ஒருவர் இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பார்க்க வருபவர்களே, உங்களிடமும் ஒன்று. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, முன்னால் போகிறவரை விட்டுவிட்டு, பின்னால் வரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அவர் கரை ஏறும்வரை அவரிடமிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் தயங்காமல் சத்தம் போடுங்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தாலும் யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.