பெரிய எஞ்சினின் சின்னப் பசி

2008-இல் அமெரிக்காவில் விற்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்ப்போம். ஒன்று செவர்லே கார்வெட்: எட்டு சிலிண்டர், 6.2 லிட்டர் எஞ்சின், 430 குதிரைத்திறன். மற்றொன்று ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8: எஞ்சின் வெறும் 1.3 லிட்டர், திறன் சுமார் 230 குதிரை. நெடுஞ்சாலையில் எது குறைவாகப் பெட்ரோல் குடிக்கும்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, கையால் கியர் மாற்றும் கார்வெட் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆர்எக்ஸ்-8 ஒன்பதரையைக்கூடத் தொடவில்லை. நகருக்குள் இரண்டுக்கும் ஒரே கணக்கு: லிட்டருக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆர்எக்ஸ்-8-இல் இருப்பது சுழல் எஞ்சின்; அதன் கொள்ளளவைச் சாதாரண எஞ்சினோடு ஒப்பிடும்போது இரட்டிப்பாக்கிக்கொள்வதே நியாயம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அப்படி 2.6 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அது கார்வெட் எஞ்சினில் பாதிகூட இல்லை. ஆளும் சிறிது, திறனும் குறைவு, பசி மட்டும் அதிகம். எப்படி?

ஒரு காருக்கு உண்மையில் எவ்வளவு திறன் தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்றரை டன் எடையுள்ள, காற்றை நன்றாகக் கிழித்துச் செல்லும் ஒரு கார் சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட, இருபது குதிரைத்திறனுக்கும் குறைவாகவே போதும். காற்றின் எதிர்ப்பையும் டயரின் உருள்தடையையும் வெல்ல அவ்வளவுதான் செலவு. 430 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் தன் நாளின் பெரும்பகுதியில் இருபதுக்கும் குறைவான வேலையைத்தான் செய்கிறது. ஆகவே மைலேஜைத் தீர்மானிப்பது எஞ்சினின் உச்சத்திறன் அன்று. அந்தச் சொற்ப வேலையை அது எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறது என்பதே முக்கியம்.

பெட்ரோல் எஞ்சினுக்குச் சொற்ப வேலை செய்வதுதான் கடினம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க எடுக்க, காற்று நுழையும் வழியில் உள்ள த்ராட்டில் தகடு மூடிக்கொண்டே வருகிறது. அப்போதும் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். இளநீர்க் குழாயை விரலால் பாதி நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்த வலிதான் எஞ்சினுக்கு நேரும் உறிஞ்சல் இழப்பு. உலோகத்தோடு உலோகம் உரசும் இழப்பும் இதனுடன் சேர்கிறது. எஞ்சின் சுற்றும் வேகம் கூடக் கூட உராய்வும் கூடும்.

இங்கேதான் கார்வெட் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதன் ஆறாவது கியர் மிக நீளமானது. 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்றுதான் சுற்றும். சுற்று குறைந்தால் உராய்வு குறைகிறது. அதோடு, அதே திறனைக் குறைந்த சுற்றில் தர வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்று தேவைப்படுகிறது. த்ராட்டில் அகலத் திறக்கிறது. உறிஞ்சும் சிரமமும் குறைகிறது. பெரிய எஞ்சினுக்குத் தாழ்ந்த சுற்றிலும் இழுவிசை தாராளமாக இருப்பதால்தான் இப்படி ஓட்ட முடிகிறது. அதே வேகத்தில் ஆர்எக்ஸ்-8 எஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டிச் சுழன்றுகொண்டிருக்கும். 9,000 சுற்று வரை பாடவென்றே பிறந்த எஞ்சின் அது. தாழ்ந்த சுற்றில் அதற்கு இழுவிசை போதாது. நீளமான கியர் கொடுத்தால் சின்ன மேட்டில்கூடத் திணறும்.

கார்வெட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மெதுவாக ஓட்டும்போது ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போக முயன்றால், வண்டியே தடுத்து நேராக நான்காம் கியருக்குத் தள்ளும். பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கும் கார்களுக்கு 1978-இல் அமெரிக்கா சட்டமாக்கிய தனி வரியிலிருந்து தப்பவே இந்த ஏற்பாடு. ஓட்டுபவர்களில் பலர் அதை வெறுத்தார்கள். ஆனால் ஒரு வரி, நிறுவனத்தின் பொறியாளர்களை இவ்வளவு நுணுக்கமாக யோசிக்க வைத்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். 2014 கார்வெட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேலை குறைவாக இருக்கும்போது எட்டு சிலிண்டர்களில் நான்கின் வால்வுகள் மூடியபடியே நின்றுவிடும். மிச்சமுள்ள நான்கும் சுமையைப் பகிர்ந்துகொண்டு திறந்த த்ராட்டிலில் ஓடும். திறன் 460 குதிரையாக உயர்ந்தது. நெடுஞ்சாலை மைலேஜும் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டியது.

இனி ஆர்எக்ஸ்-8. அதன் பசிக்குக் கியர் மட்டும் காரணமில்லை. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கல் வடிவமைத்த சுழல் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் உருண்டபடி காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றுகிறது. மேலும் கீழுமாக அடிக்கும் பாகங்கள் இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு, எடையும் குறைவு. இயந்திரவியலின் அழகான படைப்புகளுள் ஒன்று அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதன் குறை எரியும் அறையில் இருக்கிறது. நல்ல எரியறை கச்சிதமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தீப்பொறியிலிருந்து கிளம்பும் சுடர் எல்லா மூலைக்கும் சட்டென்று போய்ச் சேரும், வெப்பம் சுவர்களுக்குள் ஓடாமல் தள்ளும் விசையாக மாறும். சுழல் எஞ்சினின் எரியறையோ நீண்டு மெலிந்த பிறை போன்றது. போதாததற்கு, சுழலியோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக் போதாமல் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு வைக்கிறார்கள். அப்படியும் அறையின் வால்பகுதியில் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. அகன்ற உலோகப் பரப்பு வெப்பத்தைத் திருடுகிறது. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புப் பட்டைகளின் ஓரத்தில் வாயு கசிகிறது. ஆர்எக்ஸ்-8க்காக மாஸ்டா புகை வெளியேறும் துளைகளைப் பக்கச் சுவருக்கு மாற்றி, எரியாத வாயுவில் ஒரு பங்கை அடுத்த சுற்றுக்குத் திருப்பியது. மைலேஜ் முன்னேறியது, அறையின் வடிவத்தை மட்டும் மாற்ற முடியவில்லை.

1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரோடு இந்த எஞ்சினில் இறங்கிய மாஸ்டா, 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் ஆட்டம் கண்டதற்கு இந்தப் பசியே காரணம். அதே நிறுவனம் 1991-இல் சுழல் எஞ்சின் பொருத்திய 787பி காரைக் கொண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது என்பதும் வரலாறு.

வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய எஞ்சின்களின் இயல்பு வேறு. மென்மையாக ஓட்டினால் சின்ன எஞ்சினின் சிக்கனம் கிடைக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாலோ, புகையின் சூடு டர்போவின் சக்கரத்தைப் பதம் பார்க்காமலிருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விப்பது வெகுகாலமாக நடைமுறை. அந்தப் பெட்ரோல் வண்டியைத் தள்ளுவதே இல்லை. நான்கு டர்போவும் பதினாறு சிலிண்டரும் கொண்ட புகாட்டி வேய்ரான், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது தன் 100 லிட்டர் டாங்கியைப் பன்னிரண்டு நிமிடத்தில் காலி செய்துவிடும். வேகம் இரு மடங்கானால் காற்றை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. அந்த வேகத்தில் எந்தப் பொறியாளராலும் பெட்ரோலைக் காப்பாற்ற முடியாது.

பிரிட்டனின் டாப் கியர் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2008-இல் ஒரு சோதனை செய்தது. சிக்கனத்துக்குப் பேர்போன டொயோட்டா பிரியஸைப் பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் விரட்டினார்கள். நான்கு லிட்டர் பிஎம்டபிள்யூ எம்3 அதன் பின்னாலேயே நிதானமாக வந்தது. முடிவில் பிரியஸ் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், எம்3 ஏறக்குறைய ஏழு. பிரியஸ் மோசமான கார் என்று இதற்குப் பொருளில்லை. தான் எந்த வேலைக்காகச் செதுக்கப்பட்டதோ, அதை விட்டு வெளியே இழுத்தால் எந்த எஞ்சினும் திண்டாடும் என்பதையே அந்தச் சோதனை காட்டுகிறது.

உச்சத்திறனும் சிக்கனமும் ஒன்றுசேரவே முடியாதா? முடியும் என்று காட்டியது ஃபார்முலா ஒன். 2014-இல் அங்கே ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ பெட்ரோல்தான் என்று விதி வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 100 கிலோவுக்கு மேல் பாயவும் கூடாது என்றிருந்தது. கூடுதல் பெட்ரோல் ஊற்றித் திறனைப் பெறும் வழி அடைபட்டதும், உள்ள பெட்ரோலிலிருந்து கூடுதலாகக் கறப்பதே ஒரே வழியாயிற்று. காற்றை மிகுத்துப் பெட்ரோலைக் குறைத்து எரித்தார்கள். புகையோடு வெளியேறும் ஆற்றலை மின்சாரமாக்கினார்கள். 2017-இல் மெர்சிடிஸ் தன் பந்தய எஞ்சின் சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத்திறனைக் கடந்ததாக அறிவித்தது. பெட்ரோலின் ஆற்றலில் பாதிக்கு மேல் உழைப்பாக மாறியது என்று பொருள். சாலையில் ஓடிய நல்ல பெட்ரோல் எஞ்சின்கள் அப்போது தம் உச்ச நிலையில்கூட 40 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றன.

மாஸ்டாவும் சுழல் எஞ்சினைக் கைவிடவில்லை. ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012-இல் நின்றது. 2023-இல் எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில், ஒற்றைச் சுழலியும் 830 சிசி கொள்ளளவும் கொண்ட சிறிய எஞ்சினாக அது திரும்பி வந்தது. பாட்டரிக்கு மின்சாரம் தருவது மட்டுமே அதன் வேலை. சக்கரங்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.